கயிற்றுக்குள் ஒரு கமராக்காரன்

என்னுடைய புதுக் கமராவுக்கு மனிதர்களைப் பிடிக்காது. வீட்டுக்கு வந்த முதல் கிழமையிலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. என் மனுசியை முற்றத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அவளுக்கு முன்னால் தொங்கிய கொடிக்கயிறு இழை இழையாகத் தெரிந்தது. மனுசி அதற்குப் பின்னால், யாரோ காய்ச்சலில் கண்ட கனவுபோல மங்கி நின்றாள். கல்லடிப் பாலத்தில் நின்று வாவியில் வலை வீசுகிறவரை எடுத்தேன். பாலத்துக் கம்பியின் துரு பொருக்குப் பொருக்காகக் கிடைத்தது. வலை வீசினவர் புகை. பக்கத்து வீட்டு ஆட்டை எடுத்தபோது வேலிக் கம்பியின் முள்ளை அவ்வளவு அருமையாகப் பிடித்துத் தந்தது, அந்த முள்ளை யாருக்காவது பரிசாகக் கொடுக்கலாம் போல இருந்தது.

ஓட்டோ ஃபோகஸ் என்று அதற்குப் பெயர். தானாகவே பார்த்துத் தெளிவாக்குமாம். தானாகவே பார்க்கிறது உண்மை. எதைப் பார்க்க வேண்டும் என்பதில்தான் எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை.

கட்டாரில் இருந்த தம்பி லீவில் வரும்போது கொண்டுவந்த டி.எஸ்.எல்.ஆர் அது. கேட்டு வாங்கினேன் என்று சொல்ல முடியாது. மூன்று வருடமாகப் போகிற வீடுகளில் எல்லாம், போனில் எடுக்கிறதெல்லாம் ஒரு படமா என்று நான் பேசித் திரிந்தது அவன் காதுக்குப் போயிருந்தது. என் வாயை அடைக்கத்தான் கொண்டுவந்தான் என்று நினைக்கிறேன். பெட்டியைத் திறந்த அன்றைக்கு ஊரில் ஒரு சுற்றுச் சுற்றி, இனிமேல் இந்த வீட்டில் ஒரு விசேசமும் என் கமரா இல்லாமல் நடக்காது என்று அறிவித்துவிட்டேன். என் கழுத்தில் சுருக்கு விழுந்தது அன்றைக்குத்தான். வெளியில் பார்த்தால் கமரா வார் போலத்தான் தெரியும்.

படத்தை விடுங்கள், கண் வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன ஜன்னலிலேயே எனக்கு முதல் அடி விழுந்தது. வியூஃபைண்டர். அதற்குள் உலகம் முழுவதும் மங்கலாக இருந்தது. கமராவைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவில்லை. கட்டாரில் இருந்து வந்த சாமான் பிழையாக இருக்குமா? என் கண்தான் போய்விட்டது என்று முடிவெடுத்தேன். அப்பாவுக்கும் இந்த வயதில்தான் கண்ணில் பூ விழுந்தது. இரண்டு நாள் நான் வேலை செய்கிற அரசாங்கக் கச்சேரியில் என் மேசையில் இருந்து கொண்டு, கோப்புகளின் நாடா, ஜன்னலுக்கு வெளியே வாவி, தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மனுசியையும் அப்படியே பார்த்தேன். என்ன புதினமாப் பார்க்கிறீங்க என்று கேட்டாள். கடைசியாகப் பார்த்து வைக்கிறேன் என்றேன். பார்த்தது போதும், தேங்காயைத் திருவித் தாங்க என்றாள்.

மூன்றாம் நாள் புளியந்தீவில் கண் காட்டினேன். வயதுக்கு ஏற்ற குறைதான், பைபோக்கல் போடுங்கள் என்றார் டொக்டர். போட்டேன். கண்ணாடி கைக்கு வந்த மறுநாள், கமராவில் பட்டிருந்த மாவை வேட்டித் தலைப்பால் துடைத்தபோது, அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் பருப்பு அளவில் ஒரு சக்கரம் திரும்பியது. ஜன்னலுக்குள் உலகம் பளிச்சென்று வந்தது. கண்ணுக்கு ஏற்றமாதிரி ஜன்னலைத் திருத்துவதற்கென்றே வைத்த சக்கரமாம். நான் ஜன்னலுக்கு ஏற்றமாதிரிக் கண்ணைத் திருத்திவிட்டு வந்து நிற்கிறேன். இதில் இன்னொன்று. பைபோக்கலின் மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு. ஜன்னல் கிட்டத்தில் இருக்கிறது, அதற்குள் தெரிகிற ஆள் தூரத்தில் நிற்கிறார். எந்தப் பாதியால் பார்க்கிறது என்று என் மூக்குக்குத் தெரியவில்லை. மேலும் கீழும் தலையாட்டிக்கொண்டே படம் எடுக்கிறவனைப் பார்த்து, எடுக்கப்படுகிறவரும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார். படம் ஆடிப்போகும்.

இதெல்லாம் பகிடியாகவே முடிந்திருக்கும், அந்த வருடம் என் மச்சானுக்குக் குடுக்கை வராமல் இருந்திருந்தால்.

எங்கள் பகுதியில் குடி என்பது தாய் வழியில் வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளைகளும் அந்தக் குடி. கோயிலில் வருடத்துக்கு ஒருதரம், பகல் பூசை முடிந்த கையோடு, வண்ணக்கர் ஒவ்வொரு குடியின் பெயராக வரிசைப்படி கூப்பிடுவார். அந்தக் குடிக்கு உரிய ஒருத்தர் முன்னால் போய், வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னக் கலயத்தை இரண்டு கையாலும் ஏந்தி வாங்குவார். குடுக்கை கூறுதல் என்பது அதைத்தான். கோயில் பொறுப்பைக் கையில் வைத்திருக்கிறவரைத்தான் நாங்கள் வண்ணக்கர் என்போம். அவர் கூப்பிட்டு, ஆள் போய் வாங்கித் திரும்ப, ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான். ஆனால் அந்த நேரத்துக்காகத்தான் சில வீடுகளில் வருடம் முழுவதும் முறுக்கோடு நடப்பார்கள்.

என் மனுசியின் குடிக்கு முப்பது வருடத்துக்கு மேலாக வாங்கிவந்தவர் என் மாமியின் அண்ணன். அவர் மோசம்போய், செத்த வீட்டுத் துடக்குக் காலம் எல்லாம் கழிந்து, உரிமை முறைப்படி தங்கையின் மகனுக்கு வந்தது. அதாவது மாமியின் மூத்த மகன், என் மனுசியின் அண்ணன், எனக்கு மச்சான். என்னைவிட நாலு மாதம் மூப்பு. கலியாணத்துக்கு முதலே புளியந்தீவில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து அடி வாங்கினவர்கள் நாங்கள், அதனால் எங்களுக்குள் நீ நான்தான். இப்போது கிரானில், பெண்சாதி வீட்டில் இருந்து வட்டையில் வயல் பார்க்கிறான். நான் என் மனுசி வீட்டில் இருக்கிறேன். ஆம்பிளைகள் இடம் மாறுகிறதும் பொம்பிளைகள் வீட்டோடு நிலைக்கிறதும் எங்கள் வழக்கம்.

அப்படி நிலைத்தவர்தான் மாமி. அந்தக் குடியே அவருடைய வயிற்று வழியால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆனால் போன வருடம் பாரிசம் அடித்து இடது கையும் காலும் விழுந்து, முன் அறையில் ஜன்னலோரமாகக் கட்டிலில் இருக்கிறார். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கைகாலின் பலமும் சேர்ந்து வாய்க்குப் போய்விட்டது என்பது என் கருத்து. கோயிலுக்குக் கொண்டுபோக ஏலாது. மகன் முதல்முறையாகக் குடுக்கை வாங்குவதை அவர் பார்க்கப் போவதில்லை.

போனில் காட்டலாமே என்று கேட்பீர்கள். முந்தின வருடம் ஒருத்தர் கலயத்தை ஒரு கையால் வாங்கிக்கொண்டு மறுகையால் வெளிநாட்டில் இருந்த மகனோடு கதைத்ததை வண்ணக்கர் கண்டுவிட்டார். இந்த வருடம் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். மண்டபத்துக்குள் ஒருத்தரும் போன் தூக்கக் கூடாது. குடிக்கு ஒரு கமரா. பிடிக்கிறவர் அந்தக் குடிக்காரராகவோ அந்த வீட்டு மருமகனாகவோ இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் பிடித்து வரக் கூடாது. இந்த ஊரிலேயே பெரிய கமரா வாங்கியதாக ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த மருமகன் ஒருத்தன்தான் இருந்தான்.

மச்சான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். சுற்றி வளைக்கவில்லை.

"மச்சான், அம்மா கேக்கிறா. என்ட முகத்த அவ அதில பாக்கணுமாம். ஒரு படம். ஒண்டு போதும்."

ஒன்றுதான் கஷ்டம், நூறு என்றால் எடுத்துவிடுவேன் என்று சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அம்மாவுக்கு அடுத்த வருடம் எப்படி இருக்குமோ தெரியாது என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு எனக்கும் பகிடி வரவில்லை. மாட்டிக்கொண்டேன். மாமிக்கு முன்னால் போய், கமரா சரியில்லை என்றால், அவ்வளவு பேசித் திரிந்தவனின் கமராவே பழுது என்று ஆகும். எனக்குத் தெரியாது என்றால் மூன்று வருடப் பேச்சும் காற்றில் போகும். இரண்டுக்கும் நடுவில் நின்று, அதெல்லாம் எடுத்துத் தருவேன் மாமி, மயிர்க்கால்கூடத் தெரியும் என்று சொன்னேன். பயம் கூடக்கூட எனக்கு வாக்குறுதியும் கூடும்.

பழகுவதற்காக முதலில் மாமியையே எடுத்தேன். அவர் கட்டிலைச் சுற்றிக் கட்டின நுளம்பு வலைக்குள் இருந்தார். கமரா கிர்ர் என்று முன்னுக்குப் போய், கிர்ர் என்று பின்னுக்கு வந்து, நுளம்பு வலையைப் பிடித்துக்கொண்டது. வலையின் கண்களை எண்ணலாம். உள்ளே மாமி வெண்மையாக, ஒரு மாதிரி மிதந்துகொண்டு இருந்தார். திரையில் காட்டச் சொன்னார். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நான் இன்னும் சாகல்ல மருமகன்," என்றார்.

கோயில் நாள் வந்தது. வைகாசி வெயில். ஆம்பிளைகள் மேலுடம்பில் துணியில்லாமல்தான் மண்டபத்துக்குள் போக வேண்டும். கச்சேரிச் சேட்டுக்குள் பல வருடமாக நான் ஒளித்து வைத்திருந்த வயிறு அன்றைக்கு ஊருக்கு வெளிவந்தது. அதற்கு மேல் கமரா. கமராக்காரர்கள் குறுக்கே நெடுக்கே ஓடக் கூடாது என்று ஒரு தூணோடு சேர்த்துக் கயிறு கட்டி, எங்களுக்கென்று சதுரமாக ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு கன்றுக்குட்டியைக் கட்டலாம். ஏழு பேரை விட்டார்கள். முன்னால் இரண்டு பேரின் முதுகு, பின்னால் தூண், பக்கத்தில் ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார். அவருடைய கமராவின் லென்ஸ் உலக்கை அளவு. அவர் மூச்சு விட்டால் என் வயிறு உள்ளே போக வேண்டும். நான் மூச்சு விட்டால் அவர் நகர வேண்டும். பேசி வைத்ததுபோல மாறிமாறி மூச்சு விட்டோம்.

வண்ணக்கர் நிற்கிற இடத்துக்கும் எங்களுக்கும் நடுவில் மாவிலைத் தோரணம். அதைக் கண்டதுமே எனக்கு முற்றத்துக் கொடிக்கயிறு ஞாபகம் வந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று முதலாவது குடியைக் கூப்பிட்டபோது கமராவைத் தூக்கினேன். கிர்ர். மாவிலை. அதன் நரம்பு தெரிந்தது. நுனியில் பூச்சி தின்ற இடம் தெரிந்தது. வண்ணக்கர் வெண்ணிறமான ஒரு வீக்கமாகப் பின்னால் நின்றார். இரண்டாவது குடி. கிர்ர், கிர்ர். மாவிலை. பூசகர் சாம்பிராணித் தட்டோடு குறுக்கே போனார். கமரா அந்தப் புகையைத் துரத்திக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக் களைத்து, கடைசியில் படமே எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. அழுத்துகிறேன், அழுத்துகிறேன், அசைவே இல்லை. கச்சேரியில் என்னிடம் வருகிற சனங்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

வாத்தியார் என் பக்கம் திரும்பாமலே, நடுப் புள்ளியை மட்டும் வைத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் அது கிட்டத்தில் உள்ளதைத்தான் பிடிக்கும் என்றார். தெரியும் என்றேன். தெரியாது. எந்தப் புள்ளி, எந்த நடு என்று அவரிடம் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தெரியும் என்று சொன்ன பிறகு எப்படிக் கேட்பது?

கண்ணாடியில் வியர்வை. மூச்சில் ஜன்னல் மூடுபனி. கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் வேட்டி மடிப்புக்குள் செருகினேன். இப்போது ஜன்னல் மங்கல், ஏனென்றால் அந்தப் பருப்புச் சக்கரத்தைக் கண்ணாடிக் கண்ணுக்குத் திருத்தி வைத்திருந்தேன். அதைத் திருப்பத் தேடினேன். ஈர விரலில் வேறு ஏதோ ஒரு சக்கரம் டிக் என்று திரும்பியது. அதைத் திருப்பி வைப்போம் என்று மற்றொன்றைத் திருப்பினேன். கமராவில் எத்தனை சக்கரம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கைக்குத் தெரிந்தது. மூன்றாவது குடியும் நாலாவது குடியும் போய்விட்டது. மச்சானுடைய குடி ஆறாவது. அவன் இடதுபக்க வரிசையில் தலையில் எண்ணெய் மினுங்க நின்று என்னைப் பார்த்தான். எல்லாம் சரியா என்று கண்ணால் கேட்டான். சரி என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் வண்ணக்கர் ஐந்தாவது குடியின் பெயரைக் கூப்பிட்டார்.

அது என்னுடைய குடி. எனக்கு ஊர் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை. இந்தக் கோயிலில் எங்கள் குடிக்கு வாங்குகிறவர் ஒரு பெரியவர், இந்த ஊருக்குக் கலியாணம் முடித்து வந்து ஐம்பது வருடம். வழமையாக அவர் போவார், நான் ஓர் ஓரத்தில் நிற்பேன், அதோடு சரி. அன்றைக்கு அவர் காய்ச்சலில் கிடந்தார். எனக்குத் தெரியாது. வண்ணக்கர் இரண்டாம் தரம் கூப்பிட்டார். ஒருத்தரும் அசையவில்லை. அந்தக் கோயிலில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. கூப்பிட்ட குடிக்கு ஆள் வந்து வாங்காமல் அடுத்த குடியைக் கூப்பிட மாட்டார்கள். வரிசை அப்படியே நிற்கும். மச்சானும் நிற்பான்.

நான் கமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பின்னால் இருந்தால் என்னை ஒருத்தருக்கும் தெரியாது என்று ஒரு நம்பிக்கை. மூன்றாம் தரமும் கூப்பிட்டார். பிறகு பொம்பிளைகள் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்புக் கிளம்பி, தூணைச் சுற்றி, வண்ணக்கரின் காதுக்குப் போனது. எங்கள் ஊரில் கலியாணப் பேச்சில் முதல் கேட்கிறதே குடிதான். என் குடி என்னவென்று எனக்குத் தெரிவதைவிட அந்தப் பொம்பிளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

"கயித்துக்குள்ள நிக்கிற கச்சேரிக்காரரும் அந்தக் குடிதானே," என்றார் வண்ணக்கர். "வாங்க தம்பி. சுணங்காம வாங்க."

என்னிடம் கமரா இருக்கிறது என்று பதில் சொன்னேன். அதைவிட நல்ல பதில் அந்த நேரம் வாயில் வரவில்லை. மண்டபம் சிரித்தது. போகாமல் நின்றால் மச்சானுடைய குடி நிற்கும். போனால் படம் நிற்கும். கயிற்றுக்குள் ஏழு பேரோடு இறுகி நின்றது அதற்குப் பக்கத்தில் ஒரு இறுக்கமே இல்லை. வாத்தியார் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். நான் குனிந்தபோது அதில் கமரா வார் மாட்டியது. அதை விடுவித்தபோது வேட்டித் தலைப்பு மாட்டியது. ஒரு வழியாக எல்லோருடைய உதவியோடும் வெளியே பிறந்தேன்.

கலயத்தை வாங்க இரண்டு கையும் வேண்டும். கழுத்தில் தொங்குகிற சாமான் கலயத்தில் இடிக்கும். நான் தடுமாறியதைக் கண்டு, அடுத்ததாக நின்ற மச்சான் ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"தா மச்சான். நான் உன்ன எடுக்கிறன்."

கொடுத்தேன். அவன் வாரைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். அந்த நேரம் எனக்கு அது பெரிய உதவியாகத்தான் பட்டது. வண்ணக்கர் கலயத்தை நீட்டி, என் இரண்டு கையிலும் அதன் பாரம் இறங்கியபோதுதான் பொறி தட்டியது. அடுத்த ஆள் அவன். கமரா அவன் கழுத்தில்.

திரும்பி வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வாங்கினவர் வந்த வழியே திரும்பக் கூடாது. வலதுபக்கம் போய், கடைசிக் குடி வாங்கி முடியும்வரை கலயத்தைக் கீழே வைக்காமல் நிற்க வேண்டும். நின்றேன். இரண்டு கையும் கலயத்தில். கண்ணாடி இடுப்பில். என் கண்ணுக்கே இப்போது ஃபோகஸ் இல்லை. எதிரில் மச்சான் மங்கலாக, ஒரு பழுப்புத் தூண்போல நின்றான். வண்ணக்கருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றபடி, அவரையும் சேர்த்து வைத்து எனக்காகக் கமராவை அழுத்துகிறான். சத்தம் வரவில்லை. கமராவை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். திரும்ப அழுத்தினான். சத்தம் இல்லை. அதே நேரம் அவனுடைய குடியைக் கூப்பிட்டார்கள். மணி அடித்தது. அவன் கமராவைக் கைவிட்டான், அது நெஞ்சில் தொங்கியது. மூதாதையர் எல்லாம் வெறும் மேலோடு போய் வாங்கிய குடுக்கையை, என் மச்சான் கறுப்பாக ஒரு பதக்கம் போட்டுக்கொண்டு போய் வாங்கினான். வண்ணக்கர் அந்தப் பதக்கத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், கலயத்தைக் கொடுத்தார். கமராவின் முன்பக்கத்தில் சிவப்பாக எதுவோ மின்னி மின்னி நின்றது. கமராவும் செத்துவிட்டது என்று நினைத்தேன்.

பின்னால் இன்னும் பல குடிகள் இருந்தன, கடைசிக் குடி முடிய அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த அரை மணித்தியாலமும் அவனும் நானும் தோளோடு தோள், கையில் கலயத்தோடு நின்றோம். அவனுக்கு விசயம் விளங்க ஐந்து நிமிடம் சென்றது. விளங்கியதும் என் பக்கம் திரும்பினான். நான் மாவிலையைப் பார்த்தேன்.

பிறகு கமரா என் கழுத்துக்கு வந்தது, நான் வாங்கிய கலயம் காய்ச்சலில் கிடந்த பெரியவர் வீட்டுக்குப் போனது. வீட்டுக்கு நடக்கிற வழியில்தான் மச்சான் வாய் திறந்தான். அம்மாவுக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டான். என்னிடம் ஒரு யோசனை இருந்தது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கலயம் இருக்கிறது, வெற்றிலை இருக்கிறது, அவன் இருக்கிறான். பின் வளவில் நிறுத்தி, கலயத்தை வாங்குகிறமாதிரி ஒரு படம் எடுத்துவிடலாம். கொடுக்கிற கையாக என் கையை நீட்டுவேன்.

"பின்னால எங்கட குசினிக் கதவு நிக்கும் மச்சான்," என்றான். "அந்தக் கதவ அம்மா நாப்பது வருசமாப் பூட்டித் திறந்தவ."

கதவை மங்கலாக்கலாம், இந்தக் கமராவுக்கு அது கைவந்த வேலை என்றேன். இரண்டு பேரும் மெதுவாக நடந்தோம். அவ்வளவு மெதுவாக நான் கச்சேரிக்குக்கூடப் போனதில்லை.

மாமி தலையணை இரண்டை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து இருந்தார். மனுசி அவருக்குத் தலை வாரி, கோயில் சேலை உடுத்தி விட்டிருந்தாள். அதைக் கண்டதும் என் கால் நிலைப்படியிலேயே நின்றுவிட்டது. பின்னால் மச்சான், முன்னால் மாமி, பக்கத்தில் மனுசி. ஓட வழியில்லை.

"காட்டுங்க மருமகன்," என்றார்.

உள்ளதைச் சொல்லி முடிப்போம் என்று துணிந்தேன். மாவிலைப் படங்களைக் காட்டினாலே அவருக்கு விளங்கும், நான் பேசத் தேவையில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டிலோரம் குனிந்து, கமராவை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, படம் பார்க்கிற பொத்தானை அழுத்தினேன்.

திரையில் வண்ணக்கர் நின்றார். நான் எடுக்காத படம். வண்ணக்கர் நேரே எங்களைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் கலயத்தை எங்களிடம் நீட்டிக்கொண்டு நின்றார். நெற்றிக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தது. மற்றதெல்லாம் தெளிவு. கலயத்தின் வாயில் வெற்றிலைக் காம்பு தெரிந்தது. வண்ணக்கரின் விரல் மோதிரத்தில் அழுக்குத் தெரிந்தது. கீழே இருந்து இரண்டு கைகள் மேலே எழும்பி ஏந்திக்கொண்டிருந்தன.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்க அன்று பின்னேரமானது. பயத்தில் நான் திருப்பிய சக்கரங்களில் ஒன்று, அழுத்திப் பத்து விநாடி கழித்துப் படம் எடுக்கிற இடத்தில் போய் நின்றிருக்கிறது. தன்னைத் தானே எடுக்கிறவர்களுக்காக வைத்த வசதி. மச்சான் அழுத்தினான், சத்தம் வரவில்லை என்று கைவிட்டான். அது சிவப்பு விளக்கை மின்னிக்கொண்டு பத்து வரை எண்ணி, அவன் நெஞ்சில் தொங்கியபடியே, அவன் கையேந்திய நேரத்தில் எடுத்துவிட்டது. அழுத்தும்போது அவனுக்கும் வண்ணக்கருக்கும் இருந்த தூரம்தான் வாங்கும்போதும் இருந்தது. மாவிலை நடுவில் இல்லை. நாங்கள் யாரும் தலையிடாதபோது அந்தக் கமரா எல்லாம் சரியாகச் செய்யும்.

அந்த நேரம் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. குனிந்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றேன். மாமி திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது ஆருக்குக் குடுக்கிறார்?"

"எனக்குத்தான் அம்மா," என்றான் மச்சான்.

"நீ எங்க நிக்கிறாய்?"

"நான் அதில இல்ல. அந்தா, கை ரெண்டும் என்ட." அவன் குரல் இறங்கிவிட்டது. "முகம் விழல்ல அம்மா. மச்சான் மேல பிழையில்ல, நான்தான் கமராவ வாங்கினன்."

கேட்ட படம் இதில்லையே என்று நானும் ஏதோ தொடங்கினேன். மாமி கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"உன்ட முகத்த நான் பெத்த நாளில இருந்து பாத்துக்கொண்டுதானே இரிக்கன்," என்றார் மகனிடம். "வெளிச்சத்த மறைக்காத மனே. அங்கால நில்லு."

அவன் தள்ளி நின்றான். மாமி இன்னும் பார்த்தார். பொம்பிளைகள் பக்கத்தில் நின்று இவ்வளவு காலமும் தான் கண்டதெல்லாம் முதுகுகள்தான் என்று, யாருக்குமில்லாமல் சொன்னார். அண்ணனின் முதுகு, அவருக்கு முதல் அம்மாவின் அண்ணனின் முதுகு. கொடுக்கிறவரின் முகம் எப்படி இருக்கும், கலயம் எந்த உயரத்தில் வரும் என்று தனக்குத் தெரியாது என்றார்.

பிறகு என்னைப் பார்த்தார். "இவர் எனக்குத்தானே தாறார் மருமகன்."

ஓம் மாமி என்றேன்.

வலது கையை மெதுவாகத் தூக்கி, விரல்களை விரித்து, திரைக்குக் கீழே ஏந்தினார். இடது கை சேலைக்கு மேல் அசையாமல் கிடந்தது. மனுசி வந்து, அந்தக் கையை எடுத்து மற்றதோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள். மாமியின் இரண்டு கையும் கமராவுக்கு அடியில் இருந்தன. மச்சான் சுவரோரம் தன் கலயத்தோடு நின்றான், அதைக் கீழே வைக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

தொடாமல் விட்டால் அந்தத் திரை சில விநாடியில் அணைந்துவிடும். பிறகு மாமிக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடிதான் இருக்கும். அணையவிடாமல் இருக்கப் பெருவிரலால் ஒரு பொத்தானை மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் பிழைத்துத் தட்டினால் அடுத்தது மாவிலை. இடுப்புப் பிடித்தது. மூக்கு நுனியில் வியர்வை சேர்ந்து, மாமியின் கையில் விழட்டுமா என்று தொங்கியது. கமராவைப் பின்னுக்கு இழுக்கலாமென்றால் கலயமும் கூட வந்துவிடும்போல இருந்தது. போதும் என்று மாமி சொல்லவில்லை. அவர் சொல்லும்வரை கமராவை விலக்க எனக்கும் மனம் வரவில்லை.

மனுசி ஒருதரம் எழும்பிப் போய் தேத்தண்ணி கொண்டுவந்தாள். என் கை எட்டாத இடமாகப் பார்த்து ஜன்னல் திட்டில் அதை வைத்துவிட்டு, திரும்பவும் தாயின் இடது கையைத் தாங்கிக்கொண்டு இருந்தாள்.